தொடாத தண்ணீர்

ஏப்ரல் 2

கம்பி,

தம்பி எட்டாம் தேதி ரயில் ஏறி ஒன்பதாம் தேதி காலை உன் ஊரில் இறங்குவான். சைக்கிளைத் தனியாகப் பார்சலில் அனுப்பியாகிவிட்டது. ரசீது அவன் சட்டைப் பையில் இருக்கும். தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் கால்சட்டைப் பையில் தேடு.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிற ஆளுக்கு, நாற்பத்தொரு வயதில், பாலைவனத்தில் ஆறு நாள் சைக்கிள் ஓட்ட என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "கம்பி கூப்பிட்டான்" என்பான். பத்தாம் வகுப்பிலும் நீ கூப்பிட்டாய், வந்தான், கை ஒடிந்து வீடு திரும்பினான். ஏப்ரலில் போகாதீர்கள் என்றேன். பள்ளி விடுமுறை அப்போதுதான் என்கிறான். வெயிலுக்கு விடுமுறை கிடையாதே என்றால் சிரிக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அவன் மூட்டையை எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கின் தராசில் ஏற்றிப் பார்த்தேன். இருபத்தாறு கிலோ. பிரித்துப் பிரித்து எடை போட்டதில், நீ அனுப்பிய கறுப்புக் கேன் இரண்டும்தான் பெரிய பாரம். தண்ணீர் மட்டும் எட்டு கிலோ. பதினெட்டு வருஷமாக லேபிள் ஒட்டுகிற கை சும்மா இருக்குமா? இரண்டிலும் ஒட்டியிருக்கிறேன். "தண்ணீர், 4 லிட்டர், 1/2." "தண்ணீர், 4 லிட்டர், 2/2."

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது உனக்குத் தெரியாது. வலது நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. டாக்டர், "நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், பாரம் மட்டும் வேண்டாம்" என்றார். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். இதோ, சொல்லிவிட்டேன்.

அந்த எட்டு லிட்டரும் ஆபத்துக்கு மட்டும், வழியில் யாரும் தொடக்கூடாது, குடிக்கிற தண்ணீர் உன் கேனிலிருந்து வரும் என்று அவனே சொன்னான். தொடாத தண்ணீரை அவன் எதற்குச் சுமக்க வேண்டும்? நீ சுமந்தால் என்ன? கேட்டால் கொடுக்க மாட்டான், மானப் பிரச்சினை. அதனால் அவனுக்குத் தெரியாமல் எடுத்துக்கொள். கேன் இல்லாவிட்டால் பையின் அடி ஒட்டிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அதே மாதிரிக் காலிக் கேன் இரண்டை அந்த இடத்தில் வைத்துக் கட்டிவிடு. உனக்கா சொல்லித் தரவேண்டும்!

அப்புறம், நீங்கள் மூன்று பேருமாகச் சேர்ந்து அவனை நத்தை என்று கூப்பிடுவதை விடுங்கள். மெதுவாகப் போகிறவன் எல்லாம் நத்தையா?

படித்ததும் இதைக் கிழித்துப் போடு. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவன் கையில் இது சிக்கினால் ஒருத்தர் இன்னொருத்தரோடு பேசாமல் ஆறு மாதம் ஓட்ட வேண்டியிருக்கும்.

பேர்தான் கம்பி. பாதி வழியில் நீட்டிவிடாதே.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

உங்கள் ஆள் பத்திரமாக வந்து சேர்ந்தான். ரசீது கால்சட்டைப் பையில்தான் இருந்தது.

என் சைக்கிள் கடை முழுக்க இப்போது எங்கள் சாமான். ரொட்டிக்கடைக்காரர் வந்துவிட்டார், அவரை ஏற்றினால் சைக்கிள் அழும். தபால்காரர் இன்னும் வேலையில் இருக்கிறார், இந்தக் கடிதத்தை அவரே பையில் போட்டுக்கொண்டு போவார். நாளைக் காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். சாலைப் பணியாளர் முகாம் எண்பது கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது. அங்கே தொட்டியில் தண்ணீர் உண்டு, படுக்க இடம் உண்டு. பகலில் குடிக்க என் கேனிலிருந்து ஊற்றிக் கொடுப்பேன். ஒவ்வொருத்தர் சைக்கிள் சட்டத்திலும் முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு மாட்டியிருக்கும்.

ஒழுங்கு மூன்றே மூன்று. முன்னால் போகிறவன் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும், காற்றுப் படாத பக்கமாக, சாக்கட்டியால் ஒரு கோடு போடுவான். கடைசியாக வருகிறவன் அதை அழித்துவிட்டு வருவான். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். வழி தவறினால் தண்ணீர் இருக்கும்வரை சைக்கிளை விட்டு நகரக்கூடாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் மட்டும் வந்த வழியே திரும்பி நடக்கலாம். அழிக்கிற வேலை எப்போதும் உங்கள் தம்பிக்குத்தான். பள்ளிக்கூடத்து டஸ்டரையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாதது இல்லை. பாரம் திருடுவோம். திணறுகிறவன் பையிலிருந்து அவனுக்குத் தெரியாமல் எடுத்து இன்னொருத்தன் பையில் திணிப்பது. போன பயணத்தில் ரொட்டிக்கடைக்காரர் இரண்டு நாள் ஒரு செங்கல்லைச் சுமந்தார், கடைசி நாள்தான் சொன்னோம். இன்று மதியம் உங்கள் தம்பி எல்லாரையும் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினான்.

"இந்தத் தடவை எவனாவது என் பையில கைய வெச்சீங்க, அத்தோட நம்ம சகவாசம் முடிஞ்சுது."

"உன் பையில இருக்கிறது அழுக்குத் துணி. அதை எவன்டா திருடுவான்?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

நானும் கையடித்துச் சத்தியம் செய்தேன். கவலையை விடுங்கள், அக்கா. உங்கள் கடிதம் கிடைத்தது.

கம்பி


மே 3

அக்காவுக்கு,

அடக்கத்தன்று நான் வந்திருந்ததை நீங்கள் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். பேசாமல் உள்ளே போய்விட்டீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

நடந்ததை விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் சொல்வது கடமை.

நான்காம் நாள், பதின்மூன்றாம் தேதி, காலை பதினொரு மணி இருக்கும். மேற்கே வானம் செங்கல் நிறத்துக்கு மாறியது. பத்து நிமிஷத்தில் முன் சக்கரம் கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் முந்நூற்று முப்பதாம் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தோம். சாலைக்கு அடியில் தண்ணீர் போவதற்காகக் கட்டிய சின்னப் பாலம் ஒன்று இருந்தது, அதற்குள் புகுந்துவிட்டோம். அவன் எங்களுக்குப் பின்னால், எப்போதும்போல. எவ்வளவு பின்னால் என்று தெரியாது.

காற்று மறுநாள் மாலை நான்கு மணிக்கு நின்றது. இருபத்தொன்பது மணி நேரம். சாலை மண்ணுக்கு அடியில் போய்விட்டது. ஒன்பது கிலோமீட்டர் முன்னால் இருந்த முகாமுக்குச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டே போனோம். விடிந்ததும் அவர்கள் ஜீப் எடுத்தார்கள். ஒவ்வொரு கல்லாகத் தோண்டிப் பார்த்தோம். முந்நூற்றுப் பதினேழில் என் கோடு அப்படியே இருந்தது. பதினாறில் அழிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் பழைய சாலை ஒன்று பிரிகிறது. அங்கே நான் கல்லில் போட்ட அம்புக்குறியை மண் மூடியிருந்தது. அந்தச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருந்தான். சைக்கிளைச் சாய்த்து, அதன் நிழலில், ஒழுங்குப்படி உட்கார்ந்திருந்தான். பதினைந்தாம் தேதி மாலை நான்கு மணி.

அவனிடம் எட்டு லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று எல்லாரும் நம்பினோம். என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

கம்பி


மே 11

கம்பி,

எல்லாரும் என்று எழுதியிருக்கிறாய்.

போலீஸிலிருந்து மூட்டை நேற்று வந்தது. கிடங்கில் சரக்கு வந்தால் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பேன், அதே மாதிரி பார்த்தேன். கூடாரம். படுக்கை. நான் வைத்த தைலம், திறக்கவே இல்லை. டஸ்டர். சட்டத்து பாட்டில் இரண்டு, காலி. கறுப்புக் கேன் இரண்டு, காலி. கேன்களின் மூடி இறுக்கித் திருகியிருக்கிறது. தாகத்தில் கடைசிச் சொட்டு வரை குடித்த மனுஷன் காலிக் கேனை இத்தனை இறுக்கமாக மூடுவானா? மூடித் திரும்பவும் பையின் அடியில் வைத்துக் கட்டுவானா?

அந்தக் கேன்களில் லேபிள் இல்லை. ஆக, அவை என் தம்பியின் கேன்கள் இல்லை.

அவன் நோட்டும் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு படம். கோடு நடுங்கியிருக்கிறது. ஒரு நத்தை, முதுகில் ஓடு இல்லாமல் மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. ஓடு தனியாக ஒரு சைக்கிளில் ஏறித் தூரமாகப் போகிறது. ஓட்டின் மேல் சின்னதாக ஒரு சதுரம், அதற்குள் இரண்டு கோடு. நத்தைக்குக் கண் வரைந்திருக்கிறான், வாய் வரையவில்லை. இதற்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

விசாரணை ஜூன் பத்தாம் தேதி. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போன் செய்யாதே. நீ அழுவதைக் கேட்க எனக்கு நேரமில்லை. எழுது. எழுதினால்தான் நிற்கும்.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர்தான் கொண்டுவந்தார். முன்பெல்லாம் மணி அடித்துக்கொண்டே உள்ளே வந்து டீ எங்கே என்பார். இப்போது வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்.

நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் லேபிள் உரிந்து விழுந்திருக்கலாம். முகாம் தொட்டியில் தண்ணீர் பிடிக்கும்போது கேன்கள் மாறிப்போயிருக்கவும் வாய்ப்புண்டு, எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பு. நான்தான் எல்லாருக்கும் பிடித்துக் கொடுத்தேன். மூடி சரியாக இல்லாமல் வழியிலேயே ஒழுகியிருக்கலாம்.

அந்தப் படத்தைப் பற்றி எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்த நிலைமையில் மனசு எதையெதையோ நினைக்கும்.

தோண்டத் தோண்ட உங்களுக்குத்தான் வேதனை. விட்டுவிடுங்கள், அக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கம்பி


மே 24

கம்பி,

உன் கடிதம் வந்த அன்று அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் கேன் எடுத்தேன். என் லேபிளை ஒட்டினேன். ஆஸ்பத்திரிக் கொதிகலன் அறையில், கொதிகலனுக்கு ஓரடி தள்ளி, மூன்று நாள் வைத்தேன். அங்கே ஐம்பத்தொரு டிகிரி. கொதிகலன் பார்க்கிற ஆள், "என்னம்மா, வெந்நீர் போடுறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன். மணல் போட்டுத் தேய்த்தேன்.

லேபிள் உரியவில்லை, கம்பி. எழுத்து மங்கியது, அவ்வளவுதான். பூசணிக்காயை மறைப்பதென்றால் அதைவிடப் பெரிய இலையாகப் பார்த்துக் கொண்டுவா.

மூடி ஒழுகியதாம். இரண்டு கேனும் ஒரே நாளில், ஒரு சொட்டு பாக்கியில்லாமல், படுக்கை நனையாமல் ஒழுகியதா? படுக்கையை நான் பிரித்துப் பார்த்தேன். நனைந்து காய்ந்த கறை கிடையாது.

முப்பது வருஷமாக உன்னைத் தெரியும். கடையில் பழைய செயினைப் புதுசு என்று யாரிடமும் தள்ளாதவன் நீ. என்னிடம் மட்டும் ஏன் தள்ளுகிறாய்?

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். என் தம்பியின் தண்ணீரை எடுத்தது யார்? ஏன் எடுத்தார்கள்? இரண்டாவதை விட்டுவிடாதே. அதைத்தான் நான் முக்கியமாகக் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

எடுத்தது நான்.

முதல் நாள் ஒரு மேடு வந்தது. பெரிய மேடில்லை. உங்கள் தம்பி இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான், உதடு நீலமாக இருந்தது. மறுநாள் காலை முகாம் தொட்டியில் தண்ணீர் பிடிக்கும்போது பழைய தண்ணீரைக் கொட்டி, அவன் கேன் இரண்டையும் புதிதாக நிரப்பி என் பையில் வைத்துக்கொண்டேன். உபரியாக வாங்கிய காலிக் கேன் இரண்டை அவன் பையின் அடியில் வைத்துக் கட்டினேன். மூடியை இறுக்கித் திருகியதும் நான்தான், காற்றில் கடகடவென்று ஆடிக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அப்படியே.

அவன் பறந்தான், அக்கா. மூன்றாம் நாள் சாயங்காலம் முகாமில் வந்து இறங்கி, "டேய், இன்னைக்கு மூச்சே வாங்கல. உடம்பு தேறிடுச்சுடா" என்றான். ரொட்டிக்கடைக்காரர், "காத்து பின்னாலேர்ந்து அடிச்சுது, நீ தேறல" என்றார். அவரிடம் சண்டைக்குப் போனான். ஆறாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்ததும் லேபிளோடு கேனை எடுத்து மேஜைமேல் வைத்துச் சிரிப்பதாக இருந்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். விளையாட்டுக்கு. எங்கள் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. செங்கல் மாதிரி இதுவும் ஒன்று. வேறு காரணம் இல்லை. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்தது.

தண்ணீர் இருக்கிறது என்று நம்பித்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். இல்லையென்று தெரிந்திருந்தால் புயல் தொடங்கிய உடனே திரும்பி நடந்திருப்பான். பிரியும் இடத்துக்கு ஐந்து கிலோமீட்டர்தான்.

பத்தாம் தேதி இதை அப்படியே சொல்லப் போகிறேன். மற்ற இரண்டு பேருக்கும் இதில் பங்கில்லை, அவர்களுக்கு நேற்றுதான் சொன்னேன். ரொட்டிக்கடைக்காரர் எழுந்து வெளியே வந்து, என் கடை ஷட்டரை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். நான் உள்ளேயே இருந்தேன்.

கம்பி


ஜூன் 12

கம்பி,

அந்த அறையில் ஒரு மின்விசிறி இருந்தது. சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல். நீ பேசியது பதினோரு நிமிஷம். "விளையாட்டுக்கு" என்ற வார்த்தையை நான்கு தடவை சொன்னாய். ஒவ்வொரு தடவையும் என் பக்கம் பார்க்காமல் சொன்னாய்.

அதிகாரி கடைசியாக என்னைக் கேட்டார். "அம்மா, நீங்க வேற ஏதாவது சொல்லணுமா?"

வாய் வரை வந்தது. "இல்லை" என்றேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி நான் உனக்கு என்ன எழுதினேன் என்பது எனக்கு வரிக்கு வரி தெரியும். தொடாத தண்ணீரை அவன் எதற்குச் சுமக்க வேண்டும் என்று எழுதினேன். காலிக் கேனை அந்த இடத்தில் வைத்துக் கட்டு என்று எழுதினேன். நீ யோசித்திருந்தால்கூட அத்தனை சுத்தமாகச் செய்திருக்க மாட்டாய். வழி சொல்லிக் கொடுத்தது நான்.

காலிக் கேனைக் கையில் தூக்கிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படமும் புரிந்துவிட்டது. ஓட்டின் மேல் இருக்கிற சதுரம் என் லேபிள். வீட்டில் உப்பு ஜாடிக்குக்கூட லேபிள் ஒட்டுகிறவள் என்று அவன் என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. பாட்டில் தீர்ந்து, நடக்கத் தெம்பில்லாத நேரத்தில் பைக்குள் கைவிட்டு, கேன் காலி, லேபிளும் இல்லை என்று பார்த்ததும் யார் எடுத்தது, யார் எடுக்கச் சொன்னது, இரண்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சத்தியத்தை மீறினவர்கள் இரண்டு பேர் என்று கணக்காக வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அப்புறம் ஏன் உன்னைத் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்பாய். நீ சொல்ல வேண்டும் என்றுதான். "நீங்கள்தானே, அக்கா, எழுதினீர்கள்" என்று ஒரு வரி. இந்த உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான். சொன்னால் உன்மேல் கத்தலாம், இல்லையென்று சாதிக்கலாம், உன் கடை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றலாம். நீ என்னைக் காப்பாற்றுகிறாய். உன் இரக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவன்மேல் நான் பட்டதும் இதே இரக்கம்தான்.

அந்தக் கடிதத்தைக் கிழித்திருக்க மாட்டாய். சைக்கிள் கடைக்காரன் எதையும் தூக்கி எறிய மாட்டான். அனுப்பு. கேன்கள் இரண்டும் உன்னிடம்தான் இருக்க வேண்டும். அவற்றையும் அனுப்பு.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். புயல் முழுக்க அது என்மேல்தான் இருந்தது. பார்சலில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். விடமாட்டேன். நீங்கள் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

பாலத்துக்குள் புகுந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். தபால்காரர் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, "நான் திரும்பிப் போய்ப் பாக்கிறேன்" என்றார். ரொட்டிக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கய்யா போவ? கண்ணு தெரியுதா உனக்கு? அவன்கிட்ட எட்டு லிட்டர் இருக்கு. நம்ம யார்கிட்டயும் இல்லாத அளவு இருக்கு. ராஜா மாதிரி உக்காந்திருப்பான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு லிட்டரும் என் முதுகுக்குப் பின்னால், பையில் இருந்தது. நான் "ஆமா" என்றேன்.

சொன்னால் இரண்டு பேரும் வெளியே ஓடியிருப்பார்கள், மூன்று பேராகச் செத்திருப்போம். அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தில் காற்று நின்றுவிடும் என்று நினைத்ததும் உண்மை. கையடித்துக் கொடுத்த சத்தியத்தை மீறியது தெரிந்துவிடுமே என்ற வெட்கம் இருந்ததும் உண்மை. இதில் எது எத்தனை பங்கு என்று உங்கள் தராசில் போட்டால்கூடத் தெரியாது. மறுநாள் விடிந்து என் தண்ணீரும் தீர்ந்த பிறகுதான் பையைத் திறந்தேன். பாலத்துக்குள் புழுதி இருட்டில் ரொட்டிக்கடைக்காரர் வாங்கிக் குடித்தார், லேபிளைப் பார்க்கவில்லை. தபால்காரர் குடித்தார். நானும் குடித்தேன், அக்கா. உங்கள் கையெழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு குடித்தேன்.

நான் தூக்கிச் சென்றதற்கு நீங்கள் காரணமாக இருக்கலாம். "ஆமா" என்று சொன்னதற்கு நான் மட்டும்தான். அதிகாரியிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

படத்தைப் பார்க்க ஒருமுறை அனுப்புங்கள் என்று கேட்க நினைத்தேன். வேண்டாம். வாய் வரைந்திருந்தால் தெரிந்திருக்கும், அவன் சிரித்தானா, திட்டினானா என்று. ஓவியன். மறந்து விட்டிருக்க மாட்டான்.

கேன் இரண்டும் அதே பார்சலில் இருக்கின்றன. இரண்டாவதில் மீதி இருக்கிறது. ஊற்றிவிட நான்கு தடவை வெளியே எடுத்துப் போய், நான்கு தடவையும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

கம்பி


ஜூலை 2

கம்பி,

பார்சல் வந்தது. தபால்காரர் நன்றாகக் கட்டியிருக்கிறார், அவர் முடிச்சு என்று பார்த்ததும் தெரிந்தது. உன்னோடு பேசாவிட்டாலும் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

என் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். ரயிலில் ஏழு மணி நேரம். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அம்மா, அக்கான்னா தம்பி மேல பாசம் இருக்கத்தான் செய்யும். உடம்பு சரியில்லாதவனுக்கு பாரத்தைக் குறைங்கன்னு எழுதியிருக்கீங்க. இதுல என்ன குத்தம்? எழுதினவங்க மேல நான் என்ன எழுத முடியும்? வீட்டுக்குப் போங்க."

"தண்ணிய எடுத்தவனும் விளையாட்டுக்கு எடுக்கல" என்றேன்.

"அது வேற. அவர் அந்த இடத்துல இருந்தவர்."

கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். உன்மேல் கவனக்குறைவு என்று எழுதியாகிவிட்டது, உனக்கும் தாள் வந்திருக்கும். என்மேல் எழுத அவர்களிடம் படிவம் இல்லை. திரும்பி வரும்போது ஏழு மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

நீ "ஆமா" என்று சொன்னதை அதிகாரியிடம் சொல்லவில்லை. நீ எனக்காக ஒன்றை மறைத்தாய் என்பதற்குப் பதிலாக அல்ல. அந்த அறையில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. என்னை மன்னித்துவிட்டதாக நீயும் எழுதாதே.

கேன்களைக் கிடங்குத் தராசில் வைத்தேன். காலிக் கேன் முந்நூற்றுப் பத்து கிராம் என்று ஏப்ரலிலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றாவது கேன் முந்நூற்றுப் பத்து. இரண்டாவது ஆயிரத்து எழுநூற்று நாற்பது. மீதித் தண்ணீர் ஒரு கிலோ நானூற்று முப்பது கிராம். லேபிள் இரண்டும் அப்படியே ஒட்டியிருக்கின்றன. "தண்ணீர்" என்ற எழுத்தின்மேல் மட்டும், உன் கட்டைவிரல் இருந்த இடத்தில், மை போயிருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து அவன் மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெருக்கும்போது நகர்த்துகிறேன், பெருக்கிவிட்டு அதே இடத்தில் வைக்கிறேன். நானும் தொடவில்லை. இதை என்ன செய்வதென்று உனக்குத் தெரிந்தால் எழுது.

அக்கா